ஆனர்ஸ் வகுப்புக்கு ஒரு நல்ல நாள்

கோயமுத்தூர்,
3-6-1954, வியாழக்கிழமை.

அன்புள்ள தங்கை ரங்கநாயகிக்கு ஆசீர்வாதம். இங்கு அனைவரும் க்ஷேமம்.

பத்மாவதியின் இன்டர்மீடியட் பரீட்சை முடிவு நேற்று, அதாவது 2-ந் தேதி புதன்கிழமை, பத்திரிகையில் வெளியாயிற்று. முதல் வகுப்பு. இரண்டு வருஷம் என் வீட்டில் தங்கிப் படித்த உன் மகள் என்ற முறையில் எனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சி பகல் பதினொரு மணி வரை நீடித்தது. பதினொரு மணிக்குத் தபால்காரர் சென்னைக் கல்லூரி ஒன்றின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கணிதத்தில் பி.ஏ. ஆனர்ஸ் வகுப்புக்குப் பத்மாவதி அனுப்பிய விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டதாம். கார்டியன் தம் சம்மதத்தை உடனே தெரிவிக்க வேண்டுமாம். கார்டியன் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. என்னிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீ அறியாமல் இது நடந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆகையால் விஷயத்தை விளக்குகிறேன். சாதாரண பி.ஏ. இரண்டு வருஷம், உள்ளூரிலேயே படிக்கலாம், தவறினால் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். ஆனர்ஸ் மூன்று வருஷம், சென்னைக்குப் போகவேண்டும், மூன்று வருஷப் படிப்புக்கும் கடைசியில் ஒரே பரீட்சை. அந்தப் பரீட்சையை ஒருவர் வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுதலாம். தவறினால் மறுமுறை என்பது சர்வகலாசாலைச் சட்டத்தில் கிடையாது. தேறினால் எம்.ஏ.க்குச் சமம் என்று பெருமை பேசுகிறார்கள். தவறியவனின் வீட்டில் போய் அவர்கள் பேசுவதில்லை. அந்த வீடு எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்மதமில்லை என்று எழுதிவிட உத்தேசம். உன் பதில் கண்டதும் தபாலில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
கோவிந்தராஜுலு.


அன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அண்ணாவுக்கு ரங்கநாயகி நமஸ்காரம்.

என்னை அறியாமல் எதுவும் நடக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொன்னவளும் நான்தான்; அவர் போன பிறகு கார்டியன் என்று எழுத வேறு யார்? இங்கே தபால்காரர் எங்கள் நாய்க்குப் பயந்து பாதிநாள் தோட்டத்துக்குள் வருவதில்லை. உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

எனக்கும் சித்திரை மாதத்தில் சந்தேகம் இருந்தது. பருத்தி எடுக்கிற இடத்தில் பத்மாவையே கேட்டேன். "ஏங்கண்ணு, பி.ஏ.வுக்கும் ஆனர்ஸுக்கும் என்னதான் வித்தியாசம்?"

"பி.ஏ.ல கணக்கோட இன்னும் எதெதோ சேர்த்துப் படிக்கோணுங்க. ஆனர்ஸுல மூணு வருஷமும் கணக்குத்தானுங்க."

"மூணு வருஷமும் ஒண்ணையே படிச்சா சலிச்சுப் போகாதா?"

"நீங்க இருவது வருஷமா பருத்தியே போடறீங்களே, சலிச்சா போச்சு?"

நான் குனிந்து பருத்தியை எடுத்தேன். அவளுக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை என்பீர்கள். உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்த பெண்.

உங்கள் மகன் தவறினான் என்பது ஊருக்குத் தெரியும். வண்டி குடை சாய்ந்த இடம் என்று தடத்தையே முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்களா? இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனத்தில் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது. சென்னகிருஷ்ணன் பத்மாவுக்கு முறை மாப்பிள்ளை. அவனுக்கு வராத பட்டம் இவளுக்கு வந்துவிட்டால் நாளைக்குப் பெண் கேட்க உங்களுக்கு வாய் கூசும். அதற்காகத்தான் இந்தச் சட்டமெல்லாம் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது. இல்லை என்றால் சம்மதத்தை எழுதிப் போடுங்கள்.

நேரில் இருந்தால் இதையெல்லாம் தெலுங்கில் கேட்டிருப்பேன். நம் இருவருக்கும் அந்தப் பாஷையை எழுதத் தெரியாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

ரங்கநாயகி.


கோயமுத்தூர்,
9-6-1954, புதன்கிழமை.

ரங்கநாயகிக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைக் கொண்டு அது 6-ந் தேதி எழுதப்பட்டது என்று ஊகித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேதியில்லாத காகிதத்தை நான் கையால் தொட்டதில்லை. உன்னுடையதைத் தொட்டேன், அது என் பிழை.

முதலில் உன் அவதூறுக்குப் பதில். உன் மகளை என் மகனுக்குக் கேட்டு நான் எந்த நாளிலும் உன் வாசலில் நின்றதில்லை. இனி நிற்கப் போவதுமில்லை. தாய்மாமன் என்ற முறையில் எனக்கு ஒரு பாத்தியதை உண்டென்றால் அதை இன்றைய தேதியில் விட்டுக்கொடுத்தேன். எழுத்தில் கேட்டாய் அல்லவா, எழுத்தில் பெற்றுக்கொள்.

இனி உன் குடை சாய்ந்த வண்டியைப் பற்றி. அது உனக்குப் பழமொழி. எனக்கு அது மாடியறை. 1950-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி திங்கட்கிழமை பௌதிக ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தான். நம் குடும்பத்தில் முதல் ஆனர்ஸ் என்று நீதான் ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தாய். 1953 ஜூன் 11-ந் தேதி வியாழக்கிழமை முடிவு வந்தது. ஆனர்ஸ் இல்லை, வேண்டுமானால் சாதாரண பி.ஏ. என்று வைத்துக்கொள்ளட்டும் என்று பரீட்சகர்கள் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் எல்லோரும் வாங்குவதை மூன்று வருஷத்தில் தர்மமாக வாங்கினான். அதன் பிறகு மாடியறையை விட்டு அவன் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு வருவோம். நான் மேலே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆடி போய், ஆவணி பாதியில் ஒரு நாள் இறங்கி வந்து, பீளமேட்டில் பம்ப் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்றான். என்னைக் கேட்கவில்லை. இன்று எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு வருகிறான்.

பத்மாவதி கெட்டிக்காரி என்கிறாய். அவனும் கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரர்கள்தான் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். தட்டைப் படியில் வைக்கும் வேலை உனக்கு வரவேண்டாம் என்று எழுதினேன். அதற்கு நீ என் வாய் கூசும் என்று எழுதுகிறாய்.

கோவிந்தராஜுலு.


அன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை. (நேற்றுச் சனிக்கிழமை. தேதியை நீங்களே கண்டுபிடியுங்கள்.)

அண்ணாவுக்கு,

தட்டு விஷயம் எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அப்போது எழுதினீர்கள். படித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் தணியத்தான் இருந்தது. அதற்குள் உங்கள் மகனே வந்து அதை மறுபடி மூட்டிவிட்டான்.

நேற்றுக் கிணற்று மோட்டாரைப் பார்க்கச் சென்னகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தான். மோட்டார் அறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவனிடம் கேட்டேன். "ஏஞ்சாமி, அந்த ஆனர்ஸ் படிப்பு அத்தனை பொல்லாததா?"

"பொல்லாதது ஒண்ணும் இல்லீங்க அத்தை."

"அப்புறம் எதுக்கு உங்க நைனா பேயைக் கண்டாப்பல எழுதறாங்க?"

சிரித்தான். அப்புறம் சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

"வாராவாரம் நைனாகிட்ட இருந்து கார்டு வருமுங்க. கவர்ல போட்டாத் தேவலை. கார்டு. நான் பார்க்கறதுக்கு முந்தி ஆஸ்டலே பார்த்துப்போடும். 'ஒளியியல் பாடத்தை நவமியில் ஆரம்பிக்காதே. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை புஸ்தகத்தைத் தொடாதே.' மெஸ்ஸுல ஒருத்தன் எந்திரிச்சு நின்னு படிப்பான். மத்தவனுக எல்லாம் 'கோவிந்தா'ம்பானுக. அங்க எம்பேரு சென்னகிருஷ்ணன் இல்லீங்க அத்தை, பஞ்சாங்கம்."

நான் சிரிக்கவில்லை. அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "மொத வருஷம் எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. மூணாம் வருஷம் நானே நாள் பார்க்க ஆரம்பிச்சுப்போட்டேன். நாலாவது பேப்பர் அன்னிக்கு அஷ்டமி. கேள்வியைப் படிக்கறதுக்கு முந்தியே கை நடுங்குதுங்க."

பத்மா போகலாமா என்று கேட்டேன். "போகட்டுமுங்க" என்றான். "ஒரே கணக்கை வெச்சுக்கிட்டு ரெண்டு நாளு உக்காந்திருந்தாலும் அங்க ஏன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அந்த மாதிரி எடம் நமக்கு வேற எங்கீங்க கெடைக்கும்? நான் தவறிப்போனேன். ஆனா அந்தப் பழக்கத்துலதான் இன்னிக்கு உங்க மோட்டாரு ஓடுது."

ஓடத்தான் செய்தது. அண்ணா, அந்தப் படிப்பு உங்கள் மகனைக் கெடுக்கவில்லை. நீங்கள் கெடுத்தீர்கள், வாரம் ஒரு கார்டாக. உங்கள் பயத்தை என் மகள் தலையில் கட்டாதீர்கள். சம்மதக் கடிதம் போடுகிறீர்களா, நானே நேரில் வந்து எழுதி வாங்கட்டுமா?

ரங்கநாயகி.


கோயமுத்தூர்,
16-6-1954, புதன்கிழமை.

ரங்கநாயகிக்கு,

13-ந் தேதி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் ஒரு வருஷமாகச் சொல்லாததை உன் கிணற்றுமேட்டில் நின்று சொல்லியிருக்கிறான். என்ன தைரியத்தில் நான் கேட்பேன்?

ஆனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை முன்னூறு மைல் தூரத்தில் இருக்கிறான். அவன் படிக்கும் பௌதிகத்தில் ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. ஒரு தகப்பன் அங்கே என்ன கொண்டுபோய்க் கொடுக்க முடியும்? எனக்குத் தெரிந்தது நாள். தெரிந்ததை எழுதினேன். அதைக் கொலைக் குற்றம் போல எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நம் நைனா இறந்த வருஷம் உன் கல்யாணத்துக்கு நாள் பார்த்தவன் நான். அந்த நாளில் நீ குறை கண்டதில்லை.

நீ நேரில் வரவேண்டாம். உன் சொல்லுக்கு அஞ்சி அல்ல, அவன் போகட்டும் என்று சொன்னான் என்பதற்காகச் சம்மதம் தெரிவித்து இன்று காலை பத்தே கால் மணிக்குக் கல்லூரிக்குத் தபால் சேர்த்துவிட்டேன். கார்டியன் என்று என் பெயரைப் போட்டுவிட்டாய். அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்வேன். அவர்கள் இடம் கொடுத்துக் கடிதம் வந்ததும், பத்மாவதி என்றைக்குக் கிளம்பவேண்டும் என்பதை நான் தெரிவிப்பேன். அதுவரை நீ எனக்கு எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

கோவிந்தராஜுலு.


கோயமுத்தூர்,
29-6-1954, செவ்வாய்க்கிழமை.

ரங்கநாயகிக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

21-ந் தேதி திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பத்மாவதிக்குக் கணித ஆனர்ஸ் வகுப்பில் இடம் கிடைத்தது. மாகாணம் முழுவதிலும் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்தி. 28-ந் தேதி திங்கட்கிழமை நேரில் வந்து சேரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். 30-ந் தேதி புதன்கிழமை அமாவாசை; அன்றே சூரிய கிரகணம். கிரகணத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாள் எந்தக் காரியமும் தொடங்கலாகாது என்பது நீயும் அறிந்ததே. வாழ்நாளில் ஒரே தடவை எழுதும் பரீட்சைக்கு அப்படிப்பட்ட நாளிலா பிள்ளையார் சுழி போடுவது? ஆகையால் குழந்தை ஜூலை 5-ந் தேதி திங்கட்கிழமை, வளர்பிறையில், வந்து சேர அனுமதி கோரி மிகுந்த மரியாதையுடன் பிரின்சிபாலுக்கு எழுதினேன். பதில் வந்ததும் உனக்குத் தெரிவிக்கலாம் என்றிருந்தேன்.

பதில் இன்று வந்தது. குறித்த நாளில் சேர இயலாதென்று கார்டியன் தெரிவித்தபடியால், அந்த இடத்தை அடுத்த மாணவிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இயலாது என்று நான் எழுதவே இல்லை. ஒரு வார அவகாசம் கேட்டேன். கேட்டதற்கு மறுக்கலாம்; மறுத்துத் தந்தி கொடுத்திருக்கலாம். இப்படிச் செய்வது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. வகுப்புக்கு இன்னும் இடம் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கோவிந்தராஜுலு.


அன்னூர்,
கிரகணத்துக்கு மறுநாள்.

கோவிந்தராஜுலு நாயுடு அவர்களுக்கு,

முழுவதும் படித்தேன். பிறகுதான் கோபித்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. கிரகணம் பிடிக்கும் நேரம். கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் உள்ளே இருந்தோம். தோட்டத்தில் வேலை செய்யும் பொன்னாத்தாளும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பத்மாதான் வாங்கிப் படித்தாள். மடித்து என் மடியில் போட்டாள். நேராக அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றினாள்.

பொன்னாத்தாள் பதறிப்போனாள். "அம்மணி, கெரகணம் புடிச்சிருக்குதுங்க, இப்ப அடுப்புப் பத்தவெக்காதீங்க."

"எனக்குத் திங்கக்கெழமையே புடிச்சுப்போட்டுதுங்க பொன்னக்கா" என்றாள். "இனி என்ன புடிக்கறதுக்கு இருக்குது?"

சோறு வடித்தாள். தட்டில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வாசலில் உட்கார்ந்தாள். வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு மிளகாயைக் கடித்துக்கொண்டு அந்தச் சோறு முழுவதையும் தின்றாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் நானும் உங்கள் கட்சி என்று ஆகியிருக்கும். அழுதாளா என்று கேட்காதீர்கள். மிளகாய் காரம் என்றாள்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தி. எட்டு நாள் அந்தக் கடிதத்தை உங்கள் மேஜையில் வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறீர்கள். ஒரு கார்டு போட்டிருந்தால் நான் அவளை 28-ந் தேதி இல்லை, கிரகணம் பிடித்த நிமிஷத்தில்கூடக் கொண்டுபோய் விட்டிருப்பேன். மகனுக்குக் கை நடுங்கினது போதாது, மருமகளின் கையை முறித்தே போட்டீர்கள். வேண்டுமென்று செய்தீர்கள் என்றால்கூட எனக்குப் புரியும். நல்லதென்று நினைத்துச் செய்தீர்கள் பாருங்கள், அதை எங்கே போய்ச் சொல்வது?

உள்ளூர்க் கல்லூரிக்கு இடம் விசாரிக்க வேண்டாம். எங்களுக்கு எதையும் விசாரிக்க வேண்டாம். தாய்மாமன் பாத்தியதையை விட்டுக்கொடுத்து எழுதினீர்களே, அதை ஏற்றுக்கொண்டேன். இந்த வீட்டுப் படியை இனி மிதிக்காதீர்கள்.

ரங்கநாயகி.


சென்னை,
6-7-1954, செவ்வாய்க்கிழமை.

ரங்கநாயகிக்கு,

விலாசத்தைப் பார்த்துத் திகைக்காதே. 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினேன். நேற்றுக் காலை ஒன்பதரைக்குக் கல்லூரிக்குப் போனேன். ராகு காலம் முடியட்டும் என்று நிற்கவில்லை. திங்கட்கிழமை அது ஒன்பதுக்கே முடிந்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்கூட்டி எழுதாமல் வருகிறவர்களைப் பிரின்சிபால் பார்ப்பதில்லை என்று குமாஸ்தா சொன்னார். வராந்தாவில் ஒரு பெஞ்சு. அறுபத்து மூன்று வயதில், என் பேத்தி வயதுப் பெண்கள் என் குடுமியையும் குடையையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு போக, பகல் முழுவதும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அழைக்கவில்லை. இன்று மறுபடி போய் உட்கார்ந்தேன். மூன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை என்ன காலம் என்று உனக்கே தெரியும். போனேன்.

அந்த அம்மாளுக்கு என் வயதில் முக்கால் இருக்கும். என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"நீங்க சார்பதிவாளரா இருந்தவராமே?"

"ஆமாங்க. முப்பத்தொரு வருஷம் அந்த இலாகாவுல இருந்தேனுங்க."

"கெடு தாண்டி ஒரு பத்திரம் வந்தா என்ன செய்வீங்க?"

"திருப்பிக் கொடுத்துருவேனுங்க."

"கெடு நாள் கிரகணம், அதனாலதான் வரலைன்னு கட்சிக்காரர் சொன்னா?"

"அப்பவும் திருப்பித்தானுங்க கொடுக்கோணும்."

"அப்ப நான் செய்ததுல என்ன தப்பு?"

"தப்பில்லீங்க" என்றேன். "தப்பில்லைன்னு சொல்லறதுக்கு நான் முன்னூறு மைல் வரலைங்க. தப்பு அந்தக் கடுதாசியில இருக்குது. கடுதாசி என்னுது. புள்ளைக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

அந்த அம்மாள் என் கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். சர்வகலாசாலை அனுமதித்தால் பதின்மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. "கார்டியன் எழுதினது போதும். இனி அந்தப் பெண்ணே வந்து, எனக்கு இந்தப் படிப்பு வேணும்னு என் எதிரில் உட்கார்ந்து எழுதித் தரட்டும். 12-ந் தேதி திங்கட்கிழமை."

12-ந் தேதி எப்படிப்பட்ட நாள் என்று நான் பார்க்கவில்லை.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடாதே, இல்லை. உன் கடிதத்தில் நீ எழுதிய பேச்சுகளை நான் மறக்கவும் இல்லை. பெண்ணை அனுப்பு.

கோவிந்தராஜுலு.


அன்னூர்,
திங்கட்கிழமை.

அண்ணாவுக்கு,

பத்மா நேற்றுப் போய்விட்டாள். இந்நேரம் அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

நான் அனுப்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு, "மாமனே கெடுத்துப்போட்டு மாமனே வாங்கித் தார சீட்டு நமக்கெதுக்கு? வேண்டாம்னு எழுதிப் போடு" என்றேன். உங்களுக்கு மூக்கறுபட வேண்டும் என்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தது போதவில்லை என்றிருந்தது.

அவள் என்னைப் பார்த்த மாதிரி உங்களைக்கூட இதற்கு முன் பார்த்ததில்லை. "ஏனுங்கம்மா, உங்க ரெண்டு பேரு சண்டையில என் படிப்பு யாரு பக்கமுங்க?" என்றாள். "மாமா நல்ல நாளுக்காக விட்டாங்க. நீங்க வீம்புக்காக விடச் சொல்றீங்க. விடறது எப்பவும் என்னுது."

"அங்க ஒரே தடவைதான் கண்ணு பரீட்சை. தெரியுமல்ல?" என்றேன். அப்போதும் எனக்கு வேறு சொல்லத் தோன்றவில்லை. உங்கள் வாக்கியம்தான் வாயில் வந்தது.

"ஒரே தடவை எழுதறேனுங்க. அது எனக்குச் செரிப்படுமா இல்லையான்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும். இங்க உக்காந்து நீங்க ரெண்டு பேரும் கடுதாசி எழுதுனாத் தெரியாது."

பெட்டியை அவளே கட்டினாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். கோயமுத்தூரில் உங்கள் வீட்டுக்கு வராமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். சென்னகிருஷ்ணன் வந்து ஏற்றிவிட்டதாக ஆள் மூலம் சொல்லியனுப்பினான்; உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். பஸ் ஏறும்போது, இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நம் இருவருக்கும் கடிதம் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு இத்தனை கோபம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் தெரிந்துவிட்டது.

ரங்கநாயகி.


கோயமுத்தூர்,
24-7-1954, சனிக்கிழமை.

ரங்கநாயகிக்கு,

பதின்மூன்றாவது மாணவியாகப் பத்மாவதி 12-ந் தேதியே சேர்த்துக்கொள்ளப்பட்டாள் என்று கல்லூரியிலிருந்து 19-ந் தேதி ஒரு வரி வந்தது. பத்மாவதியிடமிருந்து வரவில்லை. சென்னகிருஷ்ணனைக் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாதுங்க நைனா என்றான். அவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் அவளுக்கு எழுதவில்லை. இரண்டு முறை மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் அது நாளாகவே வருகிறது. வைத்துவிட்டேன்.

அவள் உனக்காவது எழுதினாளா? ஆஸ்டல் சாப்பாடு எப்படி, பாடம் பிடிபடுகிறதா, இந்த இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். உன்னுடன் சமாதானம் பேசுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோவிந்தராஜுலு.


அன்னூர்,
ஆடிச் செவ்வாய்.

அண்ணாவுக்கு,

நேற்றுத் தபால்காரர் நாயையும் மீறி வீடு வரை வந்தார். பத்மா எழுதியிருக்கிறாள். கார்டு இல்லை, ஒட்டிய கவர். நாலு பக்கம். சாப்பாடு ஒரு வரி. மற்றதெல்லாம் ஏதோ ஒரு கணக்கைப் பற்றி எழுதியிருக்கிறாள். மூன்று நாளாக விடை வரவில்லையாம். வராததைப் பற்றி ஒருத்தி இத்தனை சந்தோஷமாக எழுதி நான் படித்ததில்லை. எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது.

கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு பாரா இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுதமாட்டேன். இந்த இரண்டு மாதத்தில் நாம் எழுதியது போதும். இதையும் நான் எழுதினால் என் கோபம் அதில் கலந்துவிடும். வந்து படித்துக்கொள்ளுங்கள்.

படியை மிதிக்க வேண்டாம் என்று எழுதியதை நான் திரும்ப வாங்கவில்லை. வாசலில் நாற்காலி போடுகிறேன், அங்கே உட்கார்ந்து படிக்கலாம். பஸ் மணிக்கு ஒன்று இருக்கிறது. நாள் பார்த்து வருவதாக இருந்தால் வராதீர்கள்.

ரங்கநாயகி.